பெட்டியில் பழுதில்லை

‘பெட்டியில் பழுதில்லை’ என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன்னால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி முதலாளி கேட்டார். சால்டரிங் வைப்பது எப்படி, மீட்டர் பிடிப்பது எப்படி என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டீர்கள். என்னைவிடச் சுத்தமாகவும் செய்கிறீர்கள். பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்று நங்கநல்லூரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு உருப்படியாகச் சொல்லத் தெரிந்தது இந்த டீ விஷயம் ஒன்றுதான்.

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய இந்தச் சந்துக் கடைக்கு என்னவெல்லாம் வரும் என்று இதற்குள் பார்த்திருப்பீர்கள். கீபோர்டு, ரிதம் பேட், மின்சாரத் தம்புரா, சுருதிப் பெட்டி என்று கரண்ட் ஓடி இசை வருகிற எதுவானாலும் நம் மேசையில்தான் வந்து விழும். வருவதில் பாதிக்குப் பழுதே இருக்காது. சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டு, கீபோர்டுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஒரு சர்ச் வாத்தியக்காரர் என் காலத்தில் அலறியடித்துக்கொண்டு வந்தார். பட்டனை மறுபடி அழுத்திக் கொடுத்தேன். பேய் போய்விட்டது, ஆனால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவுதானா என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார்.

இதனால்தான் கடையில் ஒரு வழக்கம் உண்டானது. பழுதில்லாத பெட்டி வந்தால் அதைத் திறந்து, துடைத்து, ஸ்க்ரூவை இறுக்கி, உள்ளே ஒரு லூஸ் கனெக்‌ஷன் இருந்தது, சரி செய்தாயிற்று என்று கொடுத்துவிடுவோம். அவர்களுக்கும் திருப்தி, நமக்கும் வாக்குவாதம் மிச்சம். பக்கத்து மேசையில் உட்காரும் துரை இதற்குத் ‘தீர்த்தம் தெளிக்கிறது’ என்று பெயர் வைத்திருந்தான். துரை என் வயதுக்காரன், பட்டினப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். கை சுத்தம், வாய் மட்டும் சும்மா இருக்காது.

சுபத்ரா மாமியின் சுருதிப் பெட்டிக்கும் முதலில் தீர்த்தம்தான் தெளித்தோம்.

மாமி பாடகி. அறுபதைத் தாண்டியவர். பெரிய சபாக்களில் மாலை நேரக் கச்சேரி கிடைக்கிற அளவுக்குப் பெயர் இல்லை என்றாலும், தெரிந்தவர்கள் தேடிப் போய்க் கேட்கிற பாட்டு அவருடையது. காரணம் அவருடைய கார்வை. பாடிக்கொண்டே போய் ஒரு சுரத்தில் அசையாமல் நீண்டு நிற்பதைத்தான் கார்வை என்கிறோம். மாமி மேல் சட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வைத் தொட்டு நின்றார் என்றால் அரங்கில் இருமல்கூட நின்றுவிடும். மார்கழி சீசனில் சபாக்களுக்கு மைக் வேலையும் நான் பார்ப்பேன் என்பதால் பல தடவை கேட்டிருக்கிறேன். மைக் சத்தங்களைக் கலந்து கொடுக்கும் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பாட்டை ரசிக்க நேரம் கிடையாது. இவர் நிற்கும்போது மட்டும் கையை எடுத்துவிட்டுக் கேட்பேன்.

கொஞ்ச காலமாக அந்தக் கார்வை இல்லை. சட்ஜத்தைத் தொட்டதும் குரலை ஆட்ட ஆரம்பித்தார், தேவையில்லாமல் உருட்டல்கள் போட்டார். சுருதியும் விலகியது. வயதாகிவிட்டது, இனிமேல் பாடாமல் இருப்பதே மரியாதை என்று சபா வாசலில் காப்பி குடிக்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் பெட்டியோடு வந்தார். பாட ஆரம்பிக்கும்போது சுருதி கேட்கிறது, சற்று நேரத்தில் மறைந்து போய்விடுகிறது என்றார். சுருதிப் பெட்டியின் வேலையே மறையாமல் இருப்பதுதான். முதல் பாட்டிலிருந்து மங்களம்வரை ஒரே ஒலியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்; பாடுகிறவர் அதன்மேல்தான் நிற்க வேண்டும். நாள் முழுக்க மேசையில் ஓட விட்டோம். பெட்டி அசரவில்லை. துடைத்துக் கொடுத்து அனுப்பினோம். மறுவாரம் திரும்பி வந்தார். உள்ளே ஒரு பாகத்தை மாற்றினோம், அதுவும் எங்கள் சந்தேகத்துக்காகத்தான். மறுபடியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே துரை முணுமுணுத்தான்.

“இன்னா சார், பொட்டி நல்லாத்தான் கீது. காலைலேர்ந்து கத்திக்கினே கீது. அந்தம்மாவுக்கு வயசாயிட்ச்சு, அத்த யாராச்சும் பக்குவமா சொல்லுங்களேன்.”

நான் சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் அதற்குள் மாமி ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக ஆரம்பித்துவிட்டார். தியாகராய நகரில் ஒரு சபாவில் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தார். போதும் அம்மா, விட்டுவிடு என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தார். மாமியும் தனக்குள் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தார்.

“சேகர், நேக்கு நேராச் சொல்லிடுங்கோ. பழுது பெட்டிலயா, என்கிட்டயா? பெட்டிலன்னா வேற பெட்டி வாங்கிக்கறேன். என்கிட்டன்னா இன்னிக்கே செக்ரெட்டரிக்குப் போன் பண்ணிடறேன். இந்தக் கச்சேரி மட்டுமில்ல, அப்புறம் பாடறதா இல்ல.”

கடைக்குள் நாங்கள் தினமும் எங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்டியில் பழுதில்லை என்று நான் சொன்னால் அவர் பாட்டு அந்த ஸ்டூலிலேயே முடிந்துவிடும். மெஷின் சரியாக இருக்கிறது என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் எதிரே இருக்கிற மனிதர் சரியில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பயமாக இருந்தது. இரண்டு நாள் டைம் கொடுங்கள் மாமி, இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியும்.

அவர் எழுந்து முந்தானையைத் தோளுக்கு மேல் இழுத்துவிட்டார். கை காதருகே போனபோது ‘கீ’ என்று மெல்லிய விசில் ஒன்று கேட்டது. பெட்டிதான் கத்துகிறது என்று நினைத்து அதை அணைத்தேன். விசில் நிற்கவில்லை. அவர் கையைக் கீழே இறக்கியதும் நின்றது. மாமி என்னைப் பார்த்தார், நான் அவர் காதைப் பார்த்தேன். முடிக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு காது மெஷின் இருந்தது.

சங்கீத உலகத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். தெரிந்தால் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர் பயம். பேச்சு சரியாகக் காதில் விழவில்லை என்று மகன்தான் அடையாறில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்திருந்தார். அருமையான மெஷின், பேரன் அடுத்த அறையில் முணுமுணுப்பதுகூடக் கேட்கிறது என்றார். அதை மாட்டிக்கொண்ட பிறகுதான் சுருதி மறைய ஆரம்பித்ததா என்று கேட்டேன். அவர் மெல்ல மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

காது மெஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றித் தெரிந்த மாதிரி பேசுவதைவிட, ஒலியைப் பற்றித் தெரிந்த ஆளைக் கூப்பிடுவது நல்லது. மாமியின் சம்மதத்தோடு தாரிணியைக் கூப்பிட்டேன். அடையாறில் வசிக்கும் தாரிணி எலெக்ட்ரானிக் இசை செய்கிற பெண். ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்கிறவள். குமிழ்களும் ஒயர்களும் நிறைந்த, விதவிதமாக ஒலி எழுப்பும் சின்தசைசரை ரிப்பேருக்கு நம் கடைக்குத்தான் கொண்டுவருவாள். ஒரே ஒலியை அரை மணி நேரம் நீட்டி, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்க வைப்பதுதான் அவள் இசை. ஒரு தடவை அதைக் கடையில் போட்டுக் காட்டினாள். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று துரை கேட்டான். முடிஞ்சிடுச்சு அண்ணா என்றாள்.

மறுநாள் மதியம் கடை ஓய்ந்திருந்த நேரத்தில் மாமியும் வந்தார், தாரிணியும் வந்தாள். மாமியிடம், ஒலி கேட்கிறவரை விரலை உயர்த்தி வைத்திருங்கள், மறைந்தால் இறக்கிவிடுங்கள் என்றேன். சுருதிப் பெட்டியைப் போட்டேன். ஆள்காட்டி விரல் உயர்ந்தது. கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. பெட்டி பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். விரல் எழுந்தது, மறுபடி படுத்துவிட்டது. துரை தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான்.

தாரிணி தன் சின்தசைசரில் அதே சுரத்தைப் பிடித்தாள். விரல் எழுந்து, சற்று நேரத்தில் இறங்கியது. பிறகு ஒரு குமிழைப் பிடித்து அந்த ஒலியை மெதுவாகப் பெருக்கியும் சுருக்கியும், அலை மாதிரி ஏற்றி இறக்கினாள். விரல் எழுந்து, இறங்காமல் நின்றது. குமிழிலிருந்து கையை எடுத்து ஒலியை அசையாமல் நிறுத்தினாள். விரல் படுத்தது. ஆட்டினால் கேட்கிறது, நிறுத்தினால் மறைகிறது. முடிச்சை அவிழ்த்தது மாமிதான்.

“கம்ப்யூட்டர்ல பாடம் எடுக்கறச்சே இப்படித்தான் ஆகும். நான் இங்க தம்புரா போட்டுண்டு உக்காந்திருப்பேன், அங்க அந்தக் குழந்தைகளுக்குக் கேக்கவே கேக்காது. ஏதோ இரைச்சல்னு அது தள்ளிவிட்டுடும். என் காதுக்குள்ளயும் அதுதான் நடக்கறதா?”

யாரும் பதில் சொல்வதற்குள் மாமி தானே பாட ஆரம்பித்தார். பாட்டு இல்லை, வெறும் சட்ஜம். விரலை உயர்த்தியபடி பாடினார். அந்தச் சின்னக் கடையில் பழைய கார்வை வந்து நின்றது, ஒரு இழை பிசகாமல். துரையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் மூன்று பேருக்கும் குரல் கணீரென்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாமியின் விரல் மெல்ல வளைந்து இறங்கியது. அவர் நிறுத்திவிட்டார்.

“என் குரலே நேக்கு மறைஞ்சு போறது” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. அவர் ஏன் குரலை ஆட்டினார் என்பது அப்போது விளங்கியது. ஆட்டினால்தான் அவர் குரல் அவருக்குக் கேட்டது. வாழ்நாள் முழுக்க அசையாமல் நின்று பெயர் வாங்கியவர், தன்னைத் தானே கேட்பதற்காக அசைந்துகொண்டிருந்திருக்கிறார். அதைத்தான் நாங்கள் எல்லோரும் வயது என்று முடிவு கட்டியிருந்தோம்.

மாமி, பெட்டி, நான், தாரிணி எல்லோரும் ஒரே ஆட்டோவில் அடையாறு கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த செவித்திறன் நிபுணர் இளம் பெண். நாங்கள் பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த மெஷின் பேச்சுக்காகச் செய்தது, பேச்சு ஏறி இறங்கும், அசையாமல் நிற்கிற ஒலியை மெஷின் ஃபேன், ஏசி இரைச்சல் என்று எண்ணிக் குறைத்துவிடும் என்று விளக்கினார். பிறகு மாமியைப் பார்த்து வருத்தமாகக் கேட்டார்.

“நீங்க பாடுறவங்கன்னு சொல்லவே இல்லையேம்மா?”

சொல்லவில்லைதான். பாட்டுக்காரர்களிடம் மெஷினை மறைத்தார், மெஷின் கொடுத்தவர்களிடம் பாட்டை மறைத்தார். நடுவில் அந்த மெஷின் மட்டும் என்ன செய்யும், பாவம். அந்தப் பெண் இசைக்கென்று தனியாக ஓர் அமைப்பு வைத்துக் கொடுத்தார். காதுக்குப் பின்னால் உள்ள பட்டனை அழுத்தினால் பேச்சிலிருந்து இசைக்கு மாறும். மாற்றிவிட்டுச் சுருதிப் பெட்டியைப் போட்டோம். விரல் எழுந்தது, எழுந்தபடியே இருந்தது. இப்போது ஃபேன் சத்தமும் சேர்ந்து கேட்கிறதே என்றார் மாமி. இது வேண்டுமென்றால் அதுவும் வரும் என்றார் அந்தப் பெண்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தக் காது மெஷினைச் செய்தவன் கெட்டவன் இல்லை. காது மந்தமானவர் பேரனோடு பேச வேண்டும் என்று நினைத்து அக்கறையாகத்தான் செய்திருக்கிறான். அவன் மேசையில் அசையாமல் நிற்கிற சத்தம் என்றால் ஃபிரிட்ஜ்தான். நம் ஊரில் அசையாமல் நிற்கிற சத்தத்தின்மேல்தான் சங்கீதமே உட்கார்ந்திருக்கிறது. எது இசை, எது குப்பை என்று யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்து உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். நாம் அதை மாட்டிக்கொண்டு, நமக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நீங்கள் இப்போது ஒரு பட்டனை அழுத்தி ரெக்கார்டிங்கிலிருந்து இரைச்சலைப் பிரித்தெடுத்துக் காட்டுகிறீர்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆட்டோ ஞாபகம் வருகிறது. அழுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருடைய இரைச்சல் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

அன்று ஆட்டோவில், மெஷினுக்கு மாறுறது மட்டும்தான் தெரியும் அங்கிள், மாறாம இருக்கிறது அதுக்கு இல்லாத மாதிரி என்றாள் தாரிணி. மாமி வெளியே பார்த்துக்கொண்டே, மனுஷாளுக்கு மட்டும் என்னவாம், ஆத்துல தினம் இருக்கறவாளை யார் கவனிக்கறா என்றார். 

கச்சேரி நாளன்று தியாகராய நகர் சபாவில் மிக்ஸருக்கு நான்தான் உட்கார்ந்தேன். சின்ன அரங்கம், பழைய மிக்ஸர். மேடைக்குத் தனி, அரங்கத்துக்குத் தனி என்று பிரிக்க வழி கிடையாது. மேடை கேட்பதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். மாமி வலது கையால் தாளம் போட்டார். இடது கை மடிமேல் இருந்தது, அதன் ஆள்காட்டி விரல் லேசாக நிமிர்ந்திருந்தது. அது எதற்கென்று அந்த அரங்கத்தில் எனக்கும், பின்வரிசையில் இருந்த தாரிணிக்கும்தான் தெரியும்.

முதல் பாட்டுகள் நன்றாகப் போயின. முக்கியமான ராகத்தை எடுப்பதற்கு முன்னால், நழுவிய பூச்சரத்தை மாமி கையால் சரி செய்துகொண்டார். ராகம் மெல்ல மேலே ஏறியது. நான் விரலைப் பார்த்தேன். இறங்கியிருந்தது. பூவைச் சரி செய்தபோது பட்டன் அழுந்தி, மெஷின் பழையபடி பேச்சுக்கு மாறியிருக்க வேண்டும். மாமி நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். இத்தனை பேர் எதிரே காதில் கை வைத்துப் பட்டனைத் தேட அவரால் முடியாது. பாட்டை நிறுத்தவும் முடியாது. குரலில் லேசான ஆட்டம் ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார்.

சுருதிச் சத்தத்தைக் கூட்டிப் பிரயோசனமில்லை என்று எனக்குத் தெரியும். செய்யக் கூடாத ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மைக் வைக்கிறவன் கச்சேரியில் எதை வேண்டுமானாலும் தொடலாம், சுருதியைத் தொடக் கூடாது. என் கை மிக்ஸரில் சுருதிக்கான குமிழுக்குப் போனது. தாரிணி செய்த மாதிரியே, மெதுவாக ஏற்றி இறக்க ஆரம்பித்தேன். ஸ்பீக்கரில் சுருதி மூச்சு விடுவதுபோலப் பெருகிச் சுருங்கியது. வயலின்காரர் திடுக்கிட்டு என்னை முறைத்தார். அரங்கத்தில் தலைகள் திரும்பின. சபா செக்ரெட்டரி ஓட்டமும் நடையுமாக என் மேசைக்கு வந்து, சுருதி அலையுது, என்ன பண்றீங்க, கையை எடுங்க என்று காதருகே சீறினார். நான் கையை எடுக்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

மாமியின் விரல் நிமிர்ந்தது.

குரலில் இருந்த ஆட்டம் அடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மேலே போனார். மேல் சட்ஜத்தைத் தொட்டார், நின்றார். கீழே சுருதி என் கையில் அலைந்துகொண்டிருந்தது, அதன்மேல் அவர் குரல் அசையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. செக்ரெட்டரி என் தோளில் வைத்த கையை எடுக்க மறந்து மேடையைப் பார்த்தபடி நின்றார்.

கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மேடைக்குப் போனேன். அந்த நீண்ட கார்வை உங்களுக்குக் கேட்டதா மாமி என்று கேட்டேன்.

“முதல்ல கேட்டுது. அப்புறம் என் குரல் மறைஞ்சு போயிடுத்து. பெட்டி மட்டும் அலைஞ்சுண்டே கேட்டுது. நெஞ்சுல அதிர்றது தெரிஞ்சுது. அது அங்க இருக்குன்னா நானும் அங்கதான் இருப்பேன்னு நின்னுட்டேன்.”

இப்போது மாமி தன் காது மெஷினைப் பற்றி எல்லோரிடமும் சொல்கிறார். அவர் பெயரை மட்டும் மாற்றி இதை எழுதச் சொன்னதும் அவர்தான். ஆனால் அன்று யாருக்கும் தெரியாது. மேடையில் எல்லோரும் மாமியைச் சூழ்ந்துகொண்டு பாராட்டிக்கொண்டிருந்தார்கள். செக்ரெட்டரி என்னைத் தள்ளி அழைத்துப் போய், தணிந்த குரலில், ஆனால் கண்டிப்பாகச் சொன்னார். பாட்டு பிரமாதம், ஆனால் அந்தச் சுருதிப் பெட்டியால் மானம் போயிற்று, பழுதை உடனே பாருங்கள் என்றார்.

“ஆமா சார்” என்றேன். “பழுது பெட்டியிலதான்.”

கூட்டத்துக்கு நடுவிலிருந்து மாமி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மெஷின் பேச்சில்தானே இருந்தது. அவ்வளவு தள்ளி நின்றும் அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டிருக்கிறது.